ரிக் கட்டி ஓடும் காரைப் படமெடுத்தல்: குறியைப் பார்த்துப் பிழையை நீக்கும் முறை

காரின் உடம்பிலேயே ஒரு நீண்ட கம்பியைப் பொருத்தி, அதன் நுனியில் கேமராவை மாட்டி, ஷட்டரை ஓரிரு விநாடிகள் திறந்து வைத்துக்கொண்டு காரை மெல்ல நகர்த்தினால், கேமராவும் காரும் ஒன்றாகவே நகர்வதால் கார் கூர்மையாகவும், சாலையும் மரங்களும் நீண்ட கோடுகளாகவும் பதியும். படத்தில் நெடுஞ்சாலையில் பாய்வது போலத் தோன்றும் கார், உண்மையில் நாம் கோயில் பிராகாரம் சுற்றும் வேகத்தில்தான் நகர்ந்திருக்கும். பெங்களூரில் இந்த வேலையைச் செய்யும் நண்பர்கள் இதை ‘ரிக் ஷாட்’ என்றும், கம்பியை ‘பூம்’ என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்; பூமும், அதைக் காரில் பிடித்து வைக்கும் கிளாம்ப், சக்ஷன் கப் (தகட்டில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கிண்ணம்) முதலியவையும் சேர்ந்ததுதான் ‘ரிக்’.

முதல் நாள் எடுக்கும் பத்துப் படங்களில் ஒன்பது கெட்டுப்போகும். கெட்டதற்குக் காரணம் தெரியாமல் ஷட்டரையும் லென்ஸையும் மாற்றிக்கொண்டே போனால் பொழுதுதான் போகும். எதை மாற்றுவதற்கும் முன்னால் படத்தைக் கேமராத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, காரின் நம்பர் பிளேட்டில் உள்ள எழுத்தையும், பின்னணியில் ஏதாவது ஓர் ஒளிப்புள்ளி இழுபட்ட கோட்டையும் பாருங்கள். எழுத்து கலங்கியிருந்தால், ஆட்டம் கேமராவுக்கும் காருக்கும் இடையில் இருக்கிறது; ரிக்கைச் சரிசெய்ய வேண்டும். எழுத்து கூர்மையாக இருந்து ஒளிக்கோடு மட்டும் நெளிந்திருந்தால், ஆட்டம் காருக்கும் தரைக்கும் இடையில் இருக்கிறது. ரிக்கைத் தொடவே வேண்டாம், சாலையையும் காரைத் தள்ளும் விதத்தையும் பாருங்கள். கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு பிரிவினையிலிருந்து வருபவைதான்.

குறி: காரே கலங்கியிருக்கிறது

கலக்கத்துக்குத் திசை உண்டா என்பதை முதலில் பாருங்கள். எழுத்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக மழுங்கியிருந்தால் அது ஆட்டமன்று, ஃபோகஸ் தவறு. ஒளியைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் அடர்த்தியான கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரைப் போட்ட பிறகு ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். எனவே ஃபில்டர் போடுவதற்கு முன்பே ஃபோகஸை முடித்து, மேனுவலுக்கு மாற்றி, ஃபோகஸ் வளையத்தின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். எழுத்து மேலும் கீழுமாக இரட்டித்திருந்தால் பூம் குதிக்கிறது. பக்கவாட்டில் இரட்டித்திருந்தால் பூம் ஆடுகிறது, அல்லது அதன் கிளாம்ப் ஒன்று தளர்ந்து கம்பி தன் அச்சிலேயே திரும்புகிறது.

மேலும் கீழுமான இரட்டிப்புக்கு முதல் காரணம் எஞ்சின். தேவனஹள்ளிக்கு அப்பால் வீடுகள் இன்னும் எழும்பாத ஒரு லேஅவுட்டில், என் மச்சானின் சிறிய காரை வைத்து நான் முதன்முதலில் ரிக் கட்டியபோது, நம்பர் பிளேட்டின் ஒவ்வோர் எழுத்தும் மூன்று வரியாகத் தெரிந்தது. லென்ஸ்தான் சரியில்லை என்று நினைத்து இரண்டு லென்ஸ் மாற்றிவிட்டேன். உதவிக்கு வந்திருந்த அல்சூர்ப் பையன் பூமின் நுனியில் விரலை வைத்துவிட்டு, “அண்ணா, கொஞ்சம் தொட்டுப் பாருங்க, தேன்கூட்டுல கை வச்ச மாதிரி அதிருது” என்றான். வண்டி நியூட்ரலில் இருந்தது. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது விநாடிக்கு 20 முறை வெடிப்பு நிகழும். நான்கு சிலிண்டர் என்றால் 26, 27 முறை. இரண்டு விநாடி திறந்திருக்கும் ஷட்டருக்குள் நாற்பது ஐம்பது அதிர்வுகள் பதிந்துவிடும். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பல இன்று மூன்று சிலிண்டர் என்பதால் இந்தத் தொல்லை இங்கே அதிகம். எஞ்சினை அணைத்துவிட்டு ஆள் வைத்துத் தள்ளுவது, அல்லது மிக மெல்லிய இறக்கத்தில் உருளவிடுவதே இதற்குத் தீர்வு. மின்சாரக் கார்களில் இந்த அதிர்வு இல்லாததால் அவற்றை அவற்றின் மோட்டாரிலேயே மெல்ல நகர்த்தலாம்.

எஞ்சினை அணைத்து உருட்டும்போது காரில் அமர்ந்திருப்பவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சாவியை முழுவதுமாகத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஆகவே சாவி ‘ஆன்’ நிலையிலேயே இருக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகு பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்கு மேல் தாங்காது. அதன் பின் பெடல் கல்லாக இறுகிவிடும், மிகுந்த பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். எனவே ஹேண்ட் பிரேக்கின் மேல் ஒரு கை எப்போதும் இருக்கட்டும். காரின் முன்னால் யாரும் நிற்கவே கூடாது.

எஞ்சின் அணைந்த பிறகும் இரட்டிப்பு இருந்தால் பூமின் நீளத்தைப் பாருங்கள். ஒரு முனையில் பிடிக்கப்பட்டு மறுமுனையில் பாரம் தொங்கும் கம்பியின் தொய்வு, நீளத்தின் மும்மடியில் கூடும். மூன்று மீட்டர் கம்பியை நான்கு மீட்டராக நீட்டினால் தொய்வு மூன்றில் ஒரு பங்கு கூடுவதில்லை, ஏறத்தாழ 2.4 மடங்காகிறது, ஆட்டமும் அதற்கேற்ப நிதானமாகி நீண்ட நேரம் நிற்காமல் தொடர்கிறது. படத்தின் சட்டகத்துக்குத் தேவையான நீளத்துக்கு மேல் ஒரு சாண்கூட விடாதீர்கள். 24 எம்எம் லென்ஸில் நான்கு மீட்டர் தேவைப்படும் சட்டகம் 18 எம்எம் லென்ஸில் மூன்று மீட்டரில் கிடைத்துவிடும்; காரின் முகம் சற்று நீண்டு தெரியும் என்பது உண்மை, ஆனால் கலங்கிய படத்தைவிட அது மேல்.

கம்பியை வாங்கும்போது சுவர்க்கனத்தைவிட விட்டத்துக்குக் காசு கொடுங்கள். எஸ்ஜேபி ரோட்டின் இரும்புக் கடைகளில் அலுமினியக் குழாய் எடுத்தால், ஒரே சுவர்க்கனத்தில் 40 மில்லிமீட்டர் குழாயைவிட 50 மில்லிமீட்டர் குழாய் ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். எடை கால்வாசிதான் கூடும். அதற்குமேல், பந்தல் காலுக்கு இழுகயிறு கட்டுவது போல, பூமின் நடுவிலிருந்து காரின் கூரையில் உள்ள ஒரு சக்ஷன் கப்புக்கு இழுத்துக் கட்டிய ஒரு நாடா, விலை உயர்ந்த கார்பன் குழாய் செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடும். என் அனுபவத்தில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் தந்தது இந்த இழுகயிறுதான்.

இதற்கும் மசியவில்லை என்றால் கப் ஒட்டியிருக்கும் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பானெட்டின் நடுப்பகுதி மெல்லிய தகடு. அது உள்வாங்கி வெளிவரும், பூமும் கூடவே தலையாட்டும். கப்பை மடிப்புக் கோட்டுக்கு அருகிலோ, அடியில் சட்டம் ஓடும் ஓரத்திலோ ஒட்டுங்கள். பம்பர் பிளாஸ்டிக், ஆகவே அது கூடாது. முன்புறம் இழுவைக் கொக்கி திருகும் துளை இருந்தால் அதுவே காரில் கிடைக்கும் மிக உறுதியான பிடி.

கேமராவின் தோள்பட்டியைக் கழற்றுங்கள். காற்றில் அது அடித்துக்கொண்டே இருக்கும். கை நடுக்கத்தை ஈடுகட்டும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் பெங்களூரில் மேற்குக் காற்று பலமாக வீசும். அந்த மாதங்களில் விடியற்காலையே வேலைக்கு உகந்தது.

குறி: கப் வழுக்குகிறது, அல்லது சற்று நேரத்தில் பிடி விடுகிறது

சக்ஷன் கப்பைப் பிடித்து வைப்பது கப் அன்று, வெளியில் உள்ள காற்றின் அழுத்தம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே கப், அதே பம்ப், பிடியும் அந்த அளவுக்குக் குறைவு. கடற்கரை ஊரில் இரண்டு கப்பில் நின்ற பூமுக்கு இங்கே மூன்றாவது கப் போட்டுவிடுவது என் வழக்கம்.

பிடி மெல்ல மெல்ல விடுகிறது என்றால் காற்று கசிகிறது. தூசி, மெழுகு பாலிஷ், ஸ்டிக்கரின் விளிம்பு, சொரசொரப்பான மேட் உறை ஆகியவற்றின் மேல் கப் நிற்காது. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்து, கப்பின் ரப்பரையும் துடைத்த பிறகே ஒட்டுங்கள். விடியற்காலைப் பனி படிந்த தகட்டில் கப் ஒட்டிக்கொண்டது போலவே தோன்றும். ஆனால் பக்கவாட்டில் வழுக்கும். பம்ப் வைத்த கப்களில் தண்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அதைப் பார்ப்பது ஒருவரின் தனிப் பொறுப்பாக இருக்கட்டும். வெயில் ஏற ஏறத் தகடு சூடாகும், சிவப்புக் கோடும் அடிக்கடி எட்டிப்பார்க்கும்.

சமீபத்தில் மறு பெயின்ட் அடித்த தகட்டில் கப் ஒட்டவே கூடாது. கழற்றும்போது பெயின்ட் உரிந்து வரலாம். கார் உரிமையாளரிடம் இதைக் கேட்டே தீர வேண்டும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். எத்தனை கப் இருந்தாலும் பூமையும் கேமராவையும் தனித்தனியே ஒரு பாதுகாப்பு நாடாவால், கதவின் கீல் போன்ற அசையாத இடத்தில் கட்டுங்கள்.

குறி: கார் கூர்மை, ஆனால் பின்னணி நகரவே இல்லை

கோட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது வேகமன்று; ஷட்டர் திறந்திருந்தபோது கார் கடந்த தூரம். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி உருண்டாலும், இரண்டு மீட்டர் வேகத்தில் ஒரு விநாடி உருண்டாலும் படத்தில் கோடு ஒன்றுதான். மெதுவாக உருண்டது ஆடாமல் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். எனவே கோடு போதவில்லை என்றால் “வேகமாகத் தள்ளுங்கள்” என்று கத்தாமல் ஷட்டர் நேரத்தைக் கூட்டுங்கள்.

நேரத்தைக் கூட்டியும் போதவில்லை என்றால் பின்னணி தொலைவில் இருக்கிறது. 20 எம்எம் லென்ஸும் முழுச்சட்ட (36 மில்லிமீட்டர் அகல) சென்சாரும் வைத்துக்கொண்டு, காரின் பக்கவாட்டைப் பார்த்தபடி கார் இரண்டு மீட்டர் உருண்டால், ஐந்து மீட்டர் தள்ளியுள்ள மதில் சென்சாரில் 8 மில்லிமீட்டர் நகரும். அதாவது சட்டகத்தின் அகலத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. நூறு மீட்டர் தள்ளியுள்ள அடுக்குமாடிக் கட்டடம் வெறும் 0.4 மில்லிமீட்டர்தான் நகரும். 6000 பிக்சல் அகலப் படத்தில் அது 70 பிக்சல்கூட இல்லை, ஃபோகஸ் தப்பியது போலத் தெரியுமே தவிர ஓட்டமாகத் தெரியாது. வைட்ஃபீல்டு கண்ணாடிக் கட்டடங்கள் பின்னால் ஓட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு மதில், மரவரிசை, வேலி, எதுவானாலும் அருகில் இருப்பதைத் தேடுங்கள். மெட்ரோ தூண்கள் இதற்குப் பிரமாதமாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் போக்குவரத்து ஓடும் சாலையில் மூன்று மீட்டர்க் கம்பியை நீட்டிக்கொண்டு காரை நகர்த்துவது ஒரு பைக்காரரின் உயிருக்கே ஆபத்து. உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி பெற்ற தனியார் இடத்தில் மட்டுமே செய்யுங்கள்.

கேமரா பார்க்கும் திசையும் முக்கியம். கார் போகும் திசையிலேயே கேமராவும் பார்த்தால், நேர் எதிரே உள்ள புள்ளி எத்தனை தூரம் போனாலும் அசையாது. அதைச் சுற்றியுள்ளவை மட்டும் விரியும். அந்த அசையாப் புள்ளி காரின் பின்னால் மறையும்படி கேமராவை வையுங்கள்.

குறி: ஒளிக்கோடுகள் நெளிகின்றன, முடிச்சு விழுகின்றன, அல்லது புள்ளிகளாக உடைகின்றன

நெளிவு என்றால் சாலை. கார் ஒரு சிறு கல்லின் மேல் ஏறினால் கேமராவும் கூடவே ஏறும். கார் கூர்மையாகவே இருக்கும், உலகம்தான் குதிக்கும். சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள கார் உடம்பின் வளைவுக்கும் இடையே உள்ள இடைவெளி மட்டும் மழுங்கியிருந்தால் அதுவும் இதே காரணம்தான், சஸ்பென்ஷன் அசைந்திருக்கிறது. சக்கரம் போகும் இரண்டு தடங்களையும் விளக்குமாறால் பெருக்குங்கள். ஐந்து மீட்டர் தூரம்தான், இரண்டு நிமிட வேலை. டயர் காற்றைச் சற்றுக் குறைப்பதும் உதவும், ஆனால் வேலை முடிந்ததும் நிரப்ப மறக்கக் கூடாது.

கோட்டின் தொடக்கத்திலோ முடிவிலோ பளிச்சென்று ஒரு முடிச்சு இருந்தால், அங்கே கார் நின்றபடி ஷட்டர் திறந்திருக்கிறது. கார் நகரத் தொடங்கி மூன்று நான்கு விநாடி கழித்து, பூமின் முதல் குலுக்கல் அடங்கிய பிறகு ரிமோட்டை அழுத்துங்கள். ஷட்டர் மூடிய ஓசை கேட்ட பிறகே தள்ளுபவர்கள் கையை எடுக்கட்டும். கோட்டின் நடுவே சீரான இடைவெளியில் மங்கலும் வெளிச்சமுமாக வந்தால் தள்ளுபவர்கள் அடியெடுத்து வைக்கும் தாளம் அது. கையை நீட்டித் தள்ளாமல், முதுகைச் சாய்த்துச் சிறு சிறு அடியாக வைத்துத் தள்ளச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் எடுக்கும்போது சில விளக்குகளின் கோடு தையல் போட்டது போல விட்டுவிட்டு வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை அணைந்து எரியும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் கார் ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது; ஐந்து மீட்டர் தள்ளியுள்ள விளக்குக்கு, மேலே சொன்ன அதே லென்ஸில், ஆறேழு பிக்சலுக்கு ஒரு தையல் விழும். இன்னும் மெதுவாக உருட்டி, ஷட்டரை அதற்கேற்ப நீட்டினால் தையல்கள் நெருங்கி ஒரே கோடாகிவிடும்.

குறி: சக்கரம் நின்றது போல் தெரிகிறது

185/65 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். இரண்டு மீட்டர் உருண்டால் ஒரு முழுச் சுற்று. ஐந்து ஆரம் கொண்ட சக்கரத்துக்கு ஐந்தில் ஒரு சுற்றே ஆரங்களை ஒன்றோடொன்று கலக்கப் போதும். அரைச் சுற்றுக்குமேல் போனால் போதுமான மிருதுவும் வந்துவிடும். கார் நகர்ந்தும் சக்கரம் நின்றிருந்தால் நீங்கள் முடிச்சு விழுந்த படத்தைப் பார்க்கிறீர்கள், முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

குறி: படம் வெளுத்துவிட்டது, அல்லது நிறம் கெட்டுவிட்டது

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) 11 என்றால் சரியான ஷட்டர் விநாடியில் இருநூறில் ஒரு பங்கு. ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும் என்டி 1000 ஃபில்டர் அதை 5 விநாடியாக்கும். எஃப் 8-க்குத் திறந்தால் 2.5 விநாடி. தூங்குமூஞ்சி மரநிழலில் வெளிச்சம் மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறையும், அங்கே எஃப் 11-க்கு என்டி 64 போதும். வெளுப்பைத் தவிர்க்க எஃப் 22-க்கு மூடாதீர்கள். படம் முழுதும் மழுங்கும், சென்சாரில் உள்ள தூசி அத்தனையும் வானத்தில் புள்ளியாகத் தெரியும். சூரியன் மறைந்த பிறகு நம் ஊரில் அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

கறுப்பு டயரும் கறுப்பு பிளாஸ்டிக்கும் செம்பழுப்பாக மாறியிருந்தால், ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பு ஒளியை உள்ளே விட்டிருக்கிறது. ஒயிட் பேலன்ஸால் இது முழுதும் போகாது, ஃபில்டரைத்தான் மாற்ற வேண்டும். சுழற்றி அடர்த்தி மாற்றும் என்டியில் படத்தின் குறுக்கே கறுப்புச் சிலுவை விழுந்தால் அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிட்டீர்கள். கண்ணாடி வியூஃபைண்டர் உள்ள கேமராவில் நடுவே மங்கலான வெளிச்சத் திட்டு இருந்தால், வியூஃபைண்டர் வழியாக ஒளி புகுந்திருக்கிறது. ஒரு கறுப்பு டேப் போதும்.

குறி: கம்பி, நிழல், தள்ளுபவர் எல்லாம் படத்தில் இருக்கிறார்கள்

காரோடு நகரும் எதுவும் காரைப் போலவே தெளிவாகப் பதியும். பூமும், தரையில் அதன் நிழலும், பானெட்டில் அதன் பிம்பமும் அப்படித்தான். பின்னால் நின்று தள்ளுபவரின் கால்கள் கலைந்தாலும் தோளும் தலையும் நின்றுவிடும். அவர்கள் கேமரா பார்க்காத மறுபக்கத்தில், காரின் உயரத்துக்குக் கீழே குனிந்து தள்ள வேண்டும். நிழலுக்கு மேகமூட்டமே மருந்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெங்களூரில் தாராளமாகக் கிடைக்கும் மூட்டமான காலைப்பொழுது, ரிக் படத்துக்கென்றே செய்த வெளிச்சம்.

கம்பியை எடிட்டிங்கில் அழித்த இடம் தெரிகிறது என்றால், பெரும்பாலும் தவறு அழித்தலில் இல்லை, கையில் சுத்தமான படம் இல்லாததில் இருக்கிறது. ஓட்டங்கள் முடிந்ததும், காரை அசைக்காமல், கேமரா இருந்த அதே இடத்தில் அதே உயரத்தில் ஒரு ட்ரைபாடை வைத்து, அதே லென்ஸ், அதே ஃபோகஸில், பூமையும் கப்களையும் கழற்றிய பின் காரை ஒரு முறை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மாறுவதற்குள், பத்து நிமிடத்துக்குள் இது முடிய வேண்டும். பானெட்டின் மேல் கம்பி மறைத்த பகுதியையும் அதன் பிம்பத்தையும் இந்தப் படத்திலிருந்து எடுத்து நிரப்பலாம்.

பின்னணியில் கம்பி கடக்கும் இடத்தை க்ளோன் செய்யும்போது (பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மேலே ஒட்டும்போது) கோடுகள் ஓடும் திசையிலேயே நகலெடுங்கள். குறுக்கே எடுத்தால் கோடு உடைந்து உடனே கண்ணில் படும். தரையில் கம்பியின் நிழலை அழிக்கும்போது காரின் அடியில் உள்ள இயல்பான நிழலைத் தொட்டுவிடாதீர்கள். கதவின் கீழ்விளிம்புக்கும் சாலைக்கும் நடுவே அந்த இருட்டு ஒரு விரல் அகலம் குறைந்தாலும் கார் தரையை விட்டு மிதப்பது போலத் தெரியும்.